பக்கத்து சீட்டுக் கொசு

ஜூன் 2, திங்கள்

ஏழு பன்னிரண்டு ரயில். வலப்பக்க ஜன்னல். கொசுவும் வந்தாயிற்று.

கொசு என்று நான் பெயர் வைத்திருப்பது என் இடப்பக்கத்தில் வந்து உட்காரும் பெண்ணுக்கு. முப்பத்தைந்து வயதிருக்கும். இரண்டாவது ஸ்டேஷனில் ஏறுவாள். எத்தனை சீட் காலியாக இருந்தாலும் நேராக என் பக்கத்துக்கு வருவாள். பையை மடியில் வைத்துக்கொண்டு பெரிய கறுப்பு ஹெட்போனைத் தலையில் மாட்டுவாள். அதோடு என் நிம்மதி போச்சு. இடது காதில் ஒழுங்காகத்தான் வைக்கிறாள். வலது பக்கத்து வட்டத்தை மட்டும் காதுக்குப் பின்னால் தள்ளி எலும்பின் மேல் சும்மா உட்கார வைக்கிறாள். அது என் இடது காதுக்கு ஒரு முழம் தள்ளி. இஸ்க் இஸ்க் இஸ்க் என்று நாற்பது நிமிடம். முழுப் பாட்டாகக் கேட்டாலும் ஒரு நியாயம் உண்டு. அரிசி அவளுக்கு, உமி எனக்கு.

இடம் மாறலாம்தான். எதிர்த் திசை சீட்டில் எனக்குத் தலை சுற்றும். தவிர, ஜன்னலை நான் ஏன் விட வேண்டும்?

ஜூன் 4, புதன்

மகள் கேட்கிறாள், "பாட்டுச் சத்தத்துக்குப் போய் ஏம்மா இவ்வளவு கோபம்?"

அவள் காலேஜ் படிக்கிறவள், அவளுக்கு எங்கே புரியும். எனக்குக் காதுதான் வேலை. மேசை விசிறித் தொழிற்சாலையில் கடைசி அறை என்னுடையது. சுவரெல்லாம் பஞ்சுப் பலகை. கதவை மூடினால் நம் மூச்சு நமக்கே கேட்கும். ஒவ்வொரு விசிறியையும் மூன்று வேகத்திலும் ஓடவிட்டு, தலையைச் சாய்த்து, இடது காதைக் காட்டிக் கேட்பேன். பேரிங் உரசுகிறதா, மோட்டார் முனகுகிறதா, இறக்கை கூண்டைத் தொடுகிறதா. நல்லதென்றால் பச்சை ஸ்டிக்கர், இல்லையென்றால் சிவப்பு. ஒரு நாளைக்கு இருநூறு, அதுதான் ஒரு லாட். பன்னிரண்டு வருடமாக. நடுவில் ஒரு மெஷின் வாங்கிப் பார்த்தார்கள். அது வெளியே லாரி போனாலும் சிவப்பு விளக்குப் போட்டது. இப்போது அதன் மேல் சூப்பர்வைசர் குடை காயப்போடுகிறார்.

கொசுவிடம் நாற்பது நிமிடம் மாட்டிக்கொண்டுவிட்டுப் போனால் முதல் பத்து விசிறியும் இஸ்க் இஸ்க் என்றுதான் ஓடுகிறது.

ஜூன் 5, வியாழன்

இன்று கேட்டே விட்டேன். "ஏங்க, சத்தத்தைக் கொஞ்சம் குறைச்சுக்கிறீங்களா?" மரியாதையாகத்தான். அவள் நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடி சொன்னேன். கல் மாதிரி உட்கார்ந்திருந்தாள், கண்கூட அசையவில்லை.

என்ன திமிர். நான் என்ன, அவள் பாட்டைப் பிடுங்கிக்கொள்ளவா போகிறேன்?

மூன்றாவது முறை கேட்க மானம் இடம் கொடுக்கவில்லை.

ஜூன் 9, திங்கள்

பஞ்சு. என் வீட்டுக்காரர் உருட்டிக் கொடுத்தார். சலூன் வைத்திருப்பவர், காது விஷயத்தில் தானும் பாதி டாக்டர் என்று அவருக்கு நினைப்பு. "உள்ளே தள்ளாதே, நுனி வெளியே தெரியணும்" என்று இரண்டு முறை சொன்னார். இடது காதில் மட்டும் வைத்துக்கொண்டு போனேன்.

கொசு பாதியாகக் குறைந்தது. பாதி குறைந்த கொசு முழுக் கொசுவைவிட எரிச்சல். எங்கே இருக்கிறது என்று தேட வைக்கிறது.

ஜூன் 14, சனி

லீவு. எழுந்ததிலிருந்து சளி, இடது காது அடைப்பு. கிணற்றுக்குள் தலையை விட்ட மாதிரி. ஆவி பிடித்தேன். நாளைக்குச் சரியாகிவிடும்.

ஜூன் 15, ஞாயிறு

சரியாகவில்லை. மகள் சமைத்தாள். உப்பு இல்லை, சொல்லவில்லை.

ஜூன் 16, திங்கள்

கொசு திருந்திவிட்டாள்.

நம்ப முடியவில்லை. அதே ஹெட்போன், அதே மாதிரி காதுக்குப் பின்னால். ஆனால் சத்தமே இல்லை. பஞ்சு வைத்திருந்தேன், எடுத்துக்கூடப் பார்க்கவில்லை. எதற்கு எடுக்க வேண்டும்? யாரோ அவளிடம் நன்றாகச் சொல்லியிருக்கிறார்கள். அந்த யாரோ நன்றாக இருக்கட்டும். ஆற்றுப் பாலத்தில் ரயில் போகும்போது வெயில் தண்ணீரில் விழுந்திருந்ததைப் பல மாதத்துக்குப் பிறகு இன்றைக்குத்தான் பார்த்தேன்.

வேலையும் சுலபம். இருநூறில் இரண்டே சிவப்பு. சூப்பர்வைசர் எட்டிப் பார்த்து, "என்னம்மா, இன்னைக்கு லாட் தங்கமா இருக்கு போல" என்றார். எப்போதும் எட்டு ஒன்பது வரும். நானும் சிரித்தேன்.

ஜூன் 17, செவ்வாய்

எங்கிருந்து தொடங்குவது?

காலையில் ரயிலில் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரோ தோளைத் தட்டினார்கள். கொசு. நான் முறைத்துக்கொண்டு திரும்பினேன். என் பையிலிருந்த தண்ணீர் பாட்டில் ஒழுகி அவள் செருப்பு வரை வந்திருந்தது. "மன்னிச்சுக்கோங்க" என்று குனிந்து மூடியை இறுக்கினேன். நிமிர்ந்தால் அவள் ஹெட்போனைக் கழட்டிக் கழுத்தில் போட்டுக்கொண்டு, உடம்பை முழுசாக என் பக்கம் திருப்பி, என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"நாலு தடவை கூப்பிட்டேன் அக்கா."

"பஞ்சு வச்சிருக்கேன்" என்று காதிலிருந்து எடுத்துக் காட்டினேன். உன்னால்தான் என்று அவளுக்குத் தெரியட்டுமே என்றுதான் காட்டினேன்.

"இப்போ எடுத்துட்டீங்கல்ல, ஜன்னலைப் பாருங்க" என்றாள். பார்த்தேன். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி, "என்ன?" என்றேன். "நான் என்ன சொன்னேன்?" என்று கேட்டாள். அவள் சொன்னதே எனக்குத் தெரியாது. பிறகு கையை நீட்டி என் வலது காதுக்குப் பக்கத்தில் விரலோடு விரலைத் தேய்த்தாள். சரசரவென்று கேட்டது. இடது காதுக்குப் பக்கத்தில் தேய்த்தாள். தேய்க்கிறாள் என்று ஓரக் கண்ணுக்குத் தெரிகிறது. காதுக்கு ஒன்றுமில்லை. ஒண்ணுமே இல்ல.

"எத்தனை நாளா?"

"சனிக்கிழமையிலருந்து அடைப்பு. சளிதான்."

"எனக்கும் சளின்னுதான் சொன்னாங்க." தன் வலது காதைத் தொட்டாள். "ஆறு வருஷம் ஆச்சு. ஒரு காலையில எந்திரிச்சேன், அடைச்சிருந்துச்சு. நாளைக்குப் போலாம், அடுத்த வாரம் போலாம்னு ஒரு மாசம் ஓட்டிட்டேன். அப்புறம் டாக்டர் சொன்னாங்க, இது நரம்பு, முதல் வாரமே வந்திருந்தா மருந்து குடுத்திருப்போம்னு. இது செத்த காது அக்கா. பக்கத்துல பட்டாசு வெடிச்சாலும் தெரியாது."

செத்த காது. அந்தக் காதிடம்தான் நான் அன்றைக்கு இரண்டு முறை மரியாதையாகப் பேசினேன். அந்தக் காதுக்குத்தான் திமிர் என்று எழுதி வைத்திருக்கிறேன், நாலு பக்கம் முன்னால்.

"சாயங்காலம் போறேன்" என்றேன். வேலைக்கு நேரமாகிறது, லாட் காத்திருக்கும் என்றெல்லாம் சொன்னேன். அவள் கேட்கவே இல்லை. அவள் இறங்கும் ஸ்டேஷன் வந்ததும் என் பையை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டாள். பைக்குப் பின்னால் நானும் போகத்தானே வேண்டும்.

காது ஆஸ்பத்திரி அங்கிருந்து இரண்டு தெரு. போகும் வழியில் அவள் தன் வேலையிடத்துக்குப் போன் போட்டாள். பெரிய ஹோட்டலில் படுக்கை விரிப்பு சலவை செய்யும் பிரிவாம். "வீட்டுல அவசரம், மத்தியானம் வரேன்" என்றாள். வீட்டுல என்றாள்.

டாக்டரம்மா காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். அழுக்கில்லை, சவ்வு நன்றாயிருக்கிறது. பிறகு கண்ணாடி வைத்த சின்ன அறைக்குள் உட்கார வைத்தார்கள். சுவரெல்லாம் பஞ்சுப் பலகை. சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். பன்னிரண்டு வருடமாக நான் விசிறியைச் சோதித்த மாதிரி ஒரு பெண் என்னைச் சோதித்தாள். வலது காதுக்கு டக் டக்கென்று அழுத்தினேன். இடது காது வந்ததும் கை சும்மா மடியில் கிடந்தது. வெளியே அந்தப் பெண் ஏதோ திருகிக்கொண்டே இருக்கிறாள். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. சிவப்பு ஸ்டிக்கர்தான், சந்தேகமே இல்லை.

டாக்டரம்மா சொன்னது: திடீரென்று நரம்பு சோர்ந்துபோயிருக்கிறது. சர்க்கரை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இன்றே மாத்திரை. திரும்பலாம், பாதி திரும்பலாம், திரும்பாமலும் போகலாம். "நாலாவது நாளே வந்துட்டீங்க. நிறைய பேர் மாசக் கணக்குல கழிச்சு வர்றாங்க. யார் சொல்லி வந்தீங்க?"

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளைக் காட்டினேன். கொசு என்று இனி எழுதக் கூடாது. சலவைக்காரத் தங்கச்சி. தங்கச்சி.

ஜூன் 18, புதன்

நேற்று இவரிடம் சொன்னதும் சீப்பைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். "ஊர்ல உள்ள காதையெல்லாம் ஒதுக்கிப் பிடிச்சு வெட்டுறேன். வீட்டுல இருக்கற காதைப் பார்க்கலையே." அவர் என்ன செய்வார் பாவம். வெளியிலிருந்து பார்த்தால் அது அழகாகத்தான் இருக்கிறது.

இன்று சூப்பர்வைசரிடம் போய் நின்றேன். "சார், திங்கக்கிழமை லாட்டை அனுப்பிட்டீங்களா?" இன்னும் கிடங்கில்தான் இருக்கிறது என்றார். "அனுப்பாதீங்க. அன்னைக்கு எனக்கு இந்தக் காது கேக்கல. எனக்கே தெரியாம பச்சை ஒட்டிட்டேன்."

சொல்லும்போது வேலை போனது என்றே நினைத்தேன். காது கேட்காதவளை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? அவர், "டாக்டர் என்ன சொல்றாங்க?" என்று கேட்டார். அதுதான் முதல் கேள்வி. அதை நான் மறக்க மாட்டேன்.

ஜூன் 20, வெள்ளி

திங்கட்கிழமை லாட்டை சூப்பர்வைசரும், எனக்கு லீவென்றால் என் அறையில் உட்காரும் அக்காவும் மறுபடி கேட்டார்கள். நான் பச்சை ஒட்டியதில் ஏழு விசிறியில் சத்தம். அவர் ஸ்டிக்கரை மாற்றி ஒட்டிவிட்டார். ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. என்னைப் பேக்கிங்கில் போட்டிருக்கிறார், "தற்காலிகம்" என்று இரண்டு தடவை அழுத்திச் சொல்லி.

ஜூன் 23, திங்கள்

மாத்திரை பசியைக் கிளப்புகிறது. மகள் பிஸ்கட் டப்பாவை மேல் அலமாரிக்கு மாற்றினாள். நாற்காலி போட்டு ஏறி எடுத்தேன்.

காதுக்குள் ஒரு விசிறி ஓடுகிறது. இரண்டாவது வேகம். ரிஜெக்ட் செய்ய வழியில்லை.

ஜூன் 25, புதன்

தங்கச்சி தினமும் கேட்கிறாள், "மாத்திரை போட்டீங்களா?" இவர் கேட்கிறார், மகள் கேட்கிறாள், பேக்கிங்கில் கேட்கிறார்கள். ஒரு மாத்திரைக்கு நான்கு பேருக்குக் கணக்கு ஒப்பிக்க வேண்டியிருக்கிறது. எரிச்சல்போல எழுதுகிறேன். எரிச்சல் இல்லை.

இவர் நடக்கும்போது எனக்கு வலப்பக்கம் மாறிவிட்டார். நான் சொல்லவே இல்லை. இருபத்திரண்டு வருடமாக இடப்பக்கம் நடந்தவர்.

ஜூலை 1, செவ்வாய்

இரண்டாவது சோதனை. பொத்தானை நான்கு முறை அழுத்தினேன். நிஜமாகக் கேட்டதா, ஆசையில் அழுத்தினேனா? டாக்டரம்மா படத்தைக் காட்டினார். கோடு மேலே ஏறியிருக்கிறது. கனத்த ஓசையெல்லாம் வருகிறது, மெல்லிய கீச்சு ஓசைகள் இன்னும் இல்லை. காதுச் சவ்வு வழியாக ஊசி மூன்று போடலாம் என்றார். முதல் ஊசி இன்றே. பயந்த அளவு வலியில்லை. அரை மணி நேரம் ஒருக்களித்துப் படுக்கச் சொன்னார்கள். படுத்துக்கொண்டே ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன்.

ஜூலை 10, வியாழன்

இரண்டு ஊசி முடிந்தது.

ஆற்றுப் பாலம் தாண்டியதும், இடது பக்கத்தில், ரொம்பத் தூரத்தில், மூட்டைக்குள் யாரோ தட்டுகிற மாதிரி — டும்ம், டும்ம். ரயில் சத்தமா? ரயில் இந்தத் தாளத்தில் போகாது. வலது காதை விரலால் அடைத்துக்கொண்டேன். டும்ம். டும்ம்.

தங்கச்சியின் ஹெட்போன்.

ஒரு வருடம் சபித்த சத்தம். அவள் ஸ்டேஷன் வரும்வரை வலது காதை அடைத்துக்கொண்டே கேட்டேன். பார்க்கிறவர்கள் என்ன நினைத்தார்களோ. அவள் திரும்பி, "வலிக்குதா அக்கா?" என்றாள். இல்லை என்று தலையாட்டினேன். வாயைத் திறந்தால் அழுதிருப்பேன்.

ஜூலை 11, வெள்ளி

இன்று சொன்னேன். அந்த வலது பக்கத்து வட்டத்திலிருந்து ஒரு வருடமாக என் காதில் பாட்டு ஒழுகுகிறது என்று. அவளுடைய நல்ல காதின் பக்கமாக எட்டிச் சொன்னேன்.

அவள் முகம் விழுந்துவிட்டது. "அந்தப் பக்கம் சத்தம் வருதுன்னே எனக்குத் தெரியாதே அக்கா. காதை அழுத்தினா வலிக்குதேன்னு தள்ளி வச்சேன். சலவை மெஷின் இரைச்சல்லயே நாள் பூரா நிக்கிறேன், அதான் காலையில கொஞ்சம் சத்தமா வச்சுக்குவேன்." பிறகு மெதுவாகச் சொன்னாள், "உங்க பக்கத்துலயே ஏன் உட்கார்றேன் தெரியுமா? நீங்க பேசவே மாட்டீங்க. செத்த காதை உங்க பக்கம் விட்டுட்டா, நல்ல காது டிக்கெட் கேக்கறவங்களுக்கு இருக்கும்ல."

ஒரு வருடம் பேசாத பெண்ணாக அவளுக்கு உபயோகப்பட்டிருக்கிறேன். பரவாயில்லை.

ஜூலை 13, ஞாயிறு

மகளிடம் இதைச் சொன்னேன். அவள் சிரிப்பாள் என்று பார்த்தால், "ஐயோ, அப்போ அவங்க பாதிப் பாட்டைத்தான் கேட்டுட்டிருக்காங்க" என்றாள். பாட்டில் சில சத்தங்கள் இடது பக்கம் மட்டும் வருமாம், சில வலது பக்கம் மட்டும். ஒரு காதுக்காரர்களுக்கு வலதில் இருப்பது போய்ச் சேராது. போனில் ஓர் இடத்தில் தட்டினால் இரண்டையும் ஒன்றாக்கி ஒரே காதுக்குத் தள்ளும், இன்னொரு பக்கத்தை நிறுத்தியும் விடலாம்.

என் போனில் மூன்று முறை செய்து பழகினேன். மூன்றாவது முறை மகள் வழிகாட்டிய விரலை எடுத்துக்கொண்டாள்.

ஜூலை 14, திங்கள்

"போனைக் குடு" என்றேன். கொடுத்தாள். மகள் சொன்னபடி தட்டி, பக்கவாட்டுக் கோட்டிலிருந்த புள்ளியை இடது ஓரத்துக்குத் தள்ளி, திருப்பிக் கொடுத்தேன். "இப்போ போடு. உனக்குப் பிடிச்ச பாட்டு."

அவள் போட்டாள். வலது வட்டம் அடங்கிவிட்டது. நானே காதை வைத்துப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. அவள் வழக்கம்போல நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் பைப் பட்டியைத் திருகிக்கொண்டிருந்த விரல் நின்றது. பாட்டை நிறுத்தினாள். முதலிலிருந்து போட்டாள். மறுபடி நிறுத்தினாள்.

"அக்கா, இதுல ரெண்டு பேர் பாடறாங்க."

"தெரியாதா?"

"அவ ஏதோ கேப்பா. கேட்டுட்டு நிறுத்துவா. அப்புறம் சும்மா தாளம் மட்டும் போகும். திரும்பக் கேப்பா. யாருமே பதில் சொல்றதில்லையே, பாவம்னு நெனச்சுக்குவேன். அதனாலதான் எனக்கு இந்தப் பாட்டு ரொம்பப் பிடிக்கும்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அவன் ஒவ்வொண்ணுக்கும் பதில் சொல்லிட்டுத்தான் இருந்திருக்கான்."

அவள் ஸ்டேஷன் வந்தது. எழுந்திருக்கவில்லை. நானும் சொல்லவில்லை. அடுத்த ஸ்டேஷனில் இறங்கித் திரும்பிப் போனாள்.

ஜூலை 22, செவ்வாய்

கடைசிச் சோதனை. மெல்லிய கீச்சு ஓசை இடது காதுக்கு இனி வராது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். மற்றதெல்லாம் கிட்டத்தட்ட வந்துவிட்டது. வராததை நினைத்து ஆஸ்பத்திரிப் படியில் ஐந்து நிமிடம் உட்கார்ந்தேன். ஐந்து நிமிடம் போதும் என்று தோன்றியது.

ஜூலை 28, திங்கள்

பழைய அறைக்குத் திரும்பினேன். உள்ளே போனால் மேசை இடம் மாறியிருக்கிறது. ஸ்டூல் அந்தப் பக்கம், விசிறி இந்தப் பக்கம். உட்கார்ந்து தலையைச் சாய்த்தால் வலது காது நேராக விசிறிக்கு. சூப்பர்வைசர் கதவருகில் நின்று, "பிளக் அந்தப் பக்கம் லூசா இருந்துச்சு, அதான் மாத்தினேன்" என்றார். பிளக்கைப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை அதற்கு.

முதல் நாள் நூற்று இருபதுதான் முடிந்தது. சிவப்பு ஆறு. இதுவரை என் அறையில் உட்கார்ந்த அக்கா ஆறையும் மறுபடி கேட்டு, சிவப்புதான் சரி என்றாள். பேரிங் கீச்சு இரண்டும் அதில் இருந்தது. வலது காது பன்னிரண்டு வருடம் சும்மா உட்கார்ந்து சாப்பிட்டது. இனி உழைக்கட்டும்.

ஆகஸ்ட் 6, புதன்

ஜன்னல் சீட்டைத் தங்கச்சிக்குக் கொடுத்துவிட்டேன். அவள் ஜன்னல், நான் நடைபாதைப் பக்கம். இப்படி உட்கார்ந்தால் என் வலது காதும் அவள் இடது காதும் பக்கத்தில் பக்கத்தில். கணக்குப் போட்டவள் அவள்தான். டிக்கெட் கேட்பவருக்கு இனி என் மந்தக் காதுதான், சமாளித்துக்கொள்ளட்டும்.

ஹெட்போனை அவள் பையிலிருந்து எடுக்கவே இல்லை. ஹோட்டலில் யாரோ தலையணை உறைக்குள் பல்செட்டை விட்டுவிட்டுப் போய், அது சலவைக்கு வந்து, அவள் மேனேஜர் அதைத் தட்டில் வைத்து மூடி எடுத்துக்கொண்டு அறை அறையாகத் தேடிப் போன கதையைச் சொன்னாள். நான் என் சூப்பர்வைசரின் குடைக் கதையைச் சொன்னேன். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது.

முன் சீட்டில் புத்தகம் வைத்திருந்த ஒரு பெண் திரும்பிப் பார்த்தாள். ரொம்ப மரியாதையாகத்தான் கேட்டாள். "ஏங்க, ரெண்டு பேரும் கொஞ்சம் மெதுவாப் பேசறீங்களா?"

எங்கள் இருவருக்குமே கேட்டது. மன்னிப்புக் கேட்டுக்கொண்டோம். குறைத்தும் பேசினோம், இரண்டு ஸ்டேஷன் வரைக்கும்.